திடப்பொருள்தானே என்று நினைக்கும் இடத்தில்

அபாயகரமான பொருட்கள் என்றாலே வாயுவுக்கு எல்லோரும் அஞ்சுகிறார்கள். பெட்ரோல் போன்ற திரவங்களுக்கும் ஓரளவு அஞ்சுகிறார்கள். பையிலோ இரும்பு டிரம்மிலோ தூளாகவும் கட்டியாகவும் வரும் பொருளைக் கண்டால் மட்டும், "திடப்பொருள்தானே, கொட்டிய இடத்தில்தானே கிடக்கப் போகிறது" என்ற அலட்சியம் அனுபவசாலிகளிடம்கூட எட்டிப் பார்க்கிறது. அவசரகாலப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் வேலையில் இருக்கும் எனக்கு, வாயுக் கசிவைவிட இந்த அலட்சியமே அதிகக் கவலை தருகிறது. எளிதில் தீப்பற்றக்கூடியவையாகவும் அதே நேரத்தில் நஞ்சாகவும் இருக்கும் திடப்பொருட்கள் விபத்தில் சிக்கும்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதைப் பற்றியே இந்தப் பதிவு.

இரண்டு ஆபத்துகள் ஒன்றுசேர்ந்திருப்பதைவிட, தீக்குச் செய்ய வேண்டியதும் நஞ்சுக்குச் செய்ய வேண்டியதும் பல நேரங்களில் ஒன்றுக்கொன்று எதிராக இருப்பதுதான் இவற்றின் பெரிய சிக்கல். தண்ணீர் தீயை அணைக்கும். அதே தண்ணீர் நஞ்சைக் கரைத்து ஆற்றுக்குக் கொண்டுபோகும். தீயின் வெப்பத்தைத் தாங்கும் உடை நஞ்சைத் தடுக்காது. நஞ்சைத் தடுக்கும் உடை தீக்கு அருகில் நிற்காது. இந்த இருதலைக்கொள்ளி நிலையில் எதற்கு முதலிடம் என்று முடிவு செய்யாமல் குழாயைத் திறந்தால், கையில் அடங்கியிருக்க வேண்டிய விபத்து கைமீறிப் போய்விடும்.

முதலில், கொட்டிய இடத்தில் கிடக்கும் பொருள் மனிதனை எப்படி வந்தடைகிறது என்பதைப் பார்ப்போம். நுண்தூளாக இருந்தால் காற்றில் மிதந்து மூச்சோடு உள்ளே போகிறது. அதே தூள் மூடிய அறையில் போதிய அளவு காற்றில் கலந்திருந்தால், ஒரு தீப்பொறியில் வெடிக்கவும் செய்யும். நாஃப்தலீன் போன்றவை உருகாமலேயே ஆவியாகின்றன. வெப்பம் ஏறினால் பல திடப்பொருட்கள் உருகித் திரவமாக ஓடத் தொடங்குகின்றன. கந்தகம் ஏறத்தாழ 115 டிகிரி செல்சியஸிலும் நாஃப்தலீன் 80 டிகிரியிலும் உருகிவிடும் என்பதால், எரியும் கிடங்கில் "திடப்பொருள்" என்ற பெயர் நீண்ட நேரம் நிலைப்பதில்லை. எரியும்போது கிளம்பும் புகை, மூலப்பொருளைவிட வேறு விதமான நஞ்சாக இருக்கலாம். கடைசியாக, ஈரம் பட்டாலே நச்சு வாயுவை வெளியிடும் வகை ஒன்று இருக்கிறது; அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

டெக்காபோரேன் என்ற வெண்ணிறப் படிகத்தை எடுத்துக்கொள்வோம். போக்குவரத்து விதிகளின்படி இதன் யு.என். எண், அதாவது ஆபத்தான பொருட்களுக்கு ஐ.நா. முறையில் தரப்படும் நான்கு இலக்க அடையாள எண், 1868; தீப்பற்றும் திடப்பொருள் என்ற 4.1 வகுப்பும் நஞ்சு என்ற 6.1 துணை வகுப்பும் இதற்கு உண்டு. பார்ப்பதற்குச் சாதுவான தூள்தான். ஆனால் 80 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பிடிக்கும் ஆவியைத் தருகிறது. கசப்பான சாக்லேட்டைப் போன்ற மணம் என்று பாதுகாப்புக் கையேடுகள் இதை வர்ணிக்கின்றன. அந்த மணத்தை ஒருவர் உணர்ந்துவிட்டார் என்றால் அவர் நிற்கக் கூடாத இடத்தில் நிற்கிறார் என்றே பொருள். தோல் வழியாகவும் உடலில் இறங்கி நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது: தலைசுற்றல், தூக்கக் கலக்கம், தசைத் துடிப்பு, நடுக்கம், முற்றினால் வலிப்பு. இந்த அறிகுறிகள் உடனே தெரியாமல் ஒன்றிரண்டு நாட்கள் கழித்தும் தலைகாட்டலாம் என்பதுதான் இதில் மிக மோசமான அம்சம். போதாக்குறைக்கு, குளோரின், புரோமின் போன்ற ஹாலோஜன்கள் சேர்ந்த கரிமச் சேர்மங்களோடு கலந்தால் இது அதிர்ச்சிக்கே வெடிக்கும் கலவையாக மாறக்கூடும்; சில தீயணைப்பான்களில் இருப்பதும் அத்தகைய சேர்மங்களே என்பதால், எந்தத் தீயணைப்பானைக் கையில் எடுக்கிறோம் என்பதே ஓர் ஆபத்தான முடிவாகிவிடுகிறது.

ஆகவே பொருள் எது என்று தெரியும் வரை யாரும் நெருங்கக் கூடாது. இதைச் சொல்வது எளிது. புகை எழும் இடத்தில், பத்துப் பேர் கூச்சலிடும்போது, இறங்கி ஓடாமல் வண்டியைத் தொலைவில் நிறுத்திவிட்டுப் பைனாகுலரை எடுப்பது கடினம். என்னைக் கேட்டால், இத்தகைய விபத்துக்குப் போகும் வண்டியில் இருக்க வேண்டிய மிக மதிப்புள்ள கருவி அந்தப் பைனாகுலர்தான். காற்று முதுகுப் பக்கமிருந்து விபத்து இடத்தை நோக்கி வீசும்படி, மேட்டுப் பக்கமாக நின்று, லாரியிலோ ரயில் பெட்டியிலோ ஒட்டப்பட்டிருக்கும் சாய்சதுர அடையாளங்களைப் படிக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் செங்குத்தான ஏழு சிவப்புப் பட்டைகள் இருந்தால் தீப்பற்றும் திடப்பொருள். மேல் பாதி வெள்ளையாகவும் கீழ்ப் பாதி சிவப்பாகவும் இருந்தால் தானாகவே தீப்பற்றும் பொருள். நீல நிறம் என்றால் தண்ணீர் பட்டால் எரிவாயு தரும் பொருள். மண்டையோடும் எலும்பும் நஞ்சைக் குறிக்கும். இவற்றில் முதல் மூன்றில் ஒன்றும் மண்டையோடும் அருகருகே தெரிந்தால், இந்தப் பதிவில் பேசும் பொருள்தான் முன்னால் நிற்கிறது.

ஐரோப்பிய முறையைப் பின்பற்றும் வண்டிகளில் ஆரஞ்சு நிறப் பலகை ஒன்று இருக்கும். அதன் கீழ்ப் பாதியில் நான்கு இலக்க யு.என். எண், மேல் பாதியில் ஆபத்தின் தன்மையைக் குறிக்கும் எண். 46 என்று இருந்தால் தீப்பற்றும் அல்லது தானே சூடேறும் நச்சுத் திடப்பொருள். எண்ணுக்கு முன் எக்ஸ் என்ற எழுத்து இருந்தால், பொருள் தண்ணீரோடு ஆபத்தான முறையில் வினைபுரியும். வல்லுநர் ஒப்புதல் இல்லாமல் தண்ணீர் அடிக்கக் கூடாது. ஒரே ஓர் எழுத்துதான். ஆனால் தூசு படிந்த பலகையில் அது கண்ணில் படாமல் போனால் விளைவு வேறாகிவிடும். அடையாளங்கள் எரிந்தோ கிழிந்தோ போயிருந்தால் ஓட்டுநரிடம் இருக்கும் சரக்கு ஆவணமும், அனுப்பியவர் தரும் எஸ்.டி.எஸ். என்னும் பாதுகாப்புத் தரவுத் தாளும்தான் துணை. ஓட்டுநர் மயங்கிக் கிடக்கிறார் என்றால், ஆவணத்துக்காக வண்டியின் கேபினுக்குள் தலையை நுழைப்பதற்கு முன் அவர் ஏன் மயங்கினார் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

யு.என். எண் கிடைத்துவிட்டால், அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய நாடுகள் கூட்டாக வெளியிட்டு, உலகின் பல பகுதிகளிலும் பயன்பாட்டில் இருக்கும் ஈ.ஆர்.ஜி. என்னும் அவசரகால நடவடிக்கைக் கையேட்டைப் புரட்டலாம். நச்சு அல்லது அரிப்புத் தன்மையுள்ள தீப்பற்றும் திடப்பொருட்களுக்கு அதில் 134ஆம் வழிகாட்டிப் பக்கம். கொட்டிய இடத்தைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் குறைந்தது 25 மீட்டர் தூரத்துக்கு ஆட்களை அகற்ற வேண்டும். டேங்கர் லாரியோ ரயில் பெட்டியோ தீயில் சிக்கியிருந்தால் அந்தத் தூரம் 800 மீட்டராகிவிடுகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. குளிர்ந்து கிடக்கும் தூளும் தீயில் சிக்கிய கொள்கலனும் ஒரே பொருளாக இருந்தாலும் ஒரே ஆபத்து அல்ல.

உடை விஷயத்தில்தான் பெரிய குழப்பம் நடக்கிறது. தீயணைப்பு வீரர் வழக்கமாக அணியும் கோட்டும் பூட்ஸும் வெப்பத்துக்கு எதிரானவை. ரசாயனத்துக்கு எதிராக அவை தரும் பாதுகாப்பு மிகவும் குறைவு. தூள் அந்தத் துணியின் இழைகளுக்குள் புகுந்து, கழுத்துப் பட்டையிலும் மணிக்கட்டிலும் வியர்வையோடு கரைந்து தோலில் இறங்கும். இதற்கு நேர்மாறாக, உடலை முழுவதும் மூடி ஆவியையும் தடுக்கும் ரசாயன உடை, தீ இல்லாத கசிவுக்கும் சிதறலுக்கும் உரியது; சுடரின் முன் அது உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும். எனவே எந்த உடை என்ற கேள்வி எழும்போதே, தீ இருக்கிறதா, வரும் வாய்ப்பு இருக்கிறதா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்திருக்க வேண்டும். இரண்டு சூழ்நிலைகளுக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று: முகமூடிக்குள் எப்போதும் வெளிக்காற்றைவிட அதிக அழுத்தத்தை வைத்திருக்கும் தற்சார்புச் சுவாசக் கருவி. துணி முகமூடியும் வடிகட்டி முகமூடியும், பொருளும் அதன் அளவும் உறுதியாகத் தெரியாத இடத்தில் பயன்படாது.

இனி தீயைப் பற்றி. சிறு தீ என்றால் உலர் ரசாயனத் தூள், கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர்த் தூவல், ஆல்கஹாலைத் தாங்கும் நுரை ஆகியவை போதும் என்பதே 134ஆம் பக்கத்தின் பொது வழிகாட்டல். பெரிய தீ என்றால் தூவலாகவோ மூடுபனி போலவோ தண்ணீர், அல்லது அதே வகை நுரை. டேங்குக்குள் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட்கள் பிடிக்கும் குழாயைவிட, நிறுத்திவைத்துவிட்டு விலகிவிடக்கூடிய குழாய்த் தாங்கி நல்லது. பாதுகாப்பு வால்வின் சீறல் ஒலி உயர்ந்துகொண்டே போனாலோ டேங்கின் நிறம் மாறத் தொடங்கினாலோ, யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் பின்வாங்க வேண்டும். இவையெல்லாம் எந்தப் பயிற்சியிலும் கிடைக்கும் பாடங்கள். பொதுப் பாடம் போதாமல் போகும் இடம் வெள்ளை பாஸ்பரஸ்.

வெள்ளை பாஸ்பரஸ் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸில், அதாவது வெதுவெதுப்பான காற்றிலேயே, தானாகத் தீப்பற்றும். 44 டிகிரியில் உருகும். அதனால்தான் அதைத் தண்ணீருக்கு அடியில் வைத்தே சேமிக்கிறார்கள். உட்கொண்டால் மிகக் கொடிய நஞ்சு; எரிந்தால் அடர்ந்த வெண்புகை, அந்தப் புகை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பாரிக் அமிலமாகிறது. இதைத் தண்ணீரால் அணைப்பது பெரிய காரியமல்ல: தூவல் பட்டதும் சுடர் அடங்கிவிடும், புகையும் நிற்கும், எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். சிறிது நேரத்தில் ஓர் ஓரத்தில் தண்ணீர் வடிந்து, மெழுகைப் போன்ற அந்தப் பரப்பு காய்ந்து, மெல்லிய வெண்ணிற இழையாகப் புகை கிளம்பும். அடுத்த சில விநாடிகளில் அங்கே மஞ்சள் சுடர் நிற்கும். அணைந்தது என்று இந்தப் பொருளைப் பற்றிச் சொல்லக் கூடாது. நனைந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். அணைத்ததும் ஈர மணலாலோ ஈர மண்ணாலோ மூடி, அதை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். வேகமான நீர்த்தாரையை நேராக அடித்தால் எரியும் துண்டுகள் சிதறி, ஓர் இடத்தில் இருந்த தீ பல இடங்களுக்குப் பரவும்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மயாமிஸ்பர்க் நகருக்கு அருகே 1986ஆம் ஆண்டு ஜூலை 8 அன்று சரக்கு ரயில் ஒன்று தடம் புரண்டு, பாஸ்பரஸ் இருந்த டேங்கர் பெட்டி எரிந்தபோது நடந்தது இதற்குச் சரியான சான்று. ஆயிரக்கணக்கான மக்கள் வெளியேற்றப்பட்டனர்; தீ ஒரே மூச்சில் முடியாமல் பல நாட்கள் நீடித்தது; சிதைவுகளை அகற்றும் வேலை நடக்கும்போதே மீண்டும் புகை மேகம் எழுந்து மறுபடியும் மக்களை வெளியேற்ற வேண்டிவந்தது. உக்ரைனின் லிவிவ் மாகாணத்தில் ஓஷிதிவ் கிராமத்துக்கு அருகே 2007ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று, கஜகஸ்தானிலிருந்து போலந்துக்குப் போய்க்கொண்டிருந்த ரயிலில் மஞ்சள் பாஸ்பரஸ் (வெள்ளை பாஸ்பரஸின் இன்னொரு பெயர்) ஏற்றிய 15 டேங்கர்கள் கவிழ்ந்து, அவற்றுள் 6 தீப்பற்றின. இரண்டு விபத்துகளிலும் தீயை அடக்குவதைவிட, அடங்கியதை மீண்டும் எழாமல் காவல் காப்பதும், கவிழ்ந்த டேங்கரைத் தூக்கும்போது உள்ளே இருப்பது காற்றைத் தொடாமல் பார்த்துக்கொள்வதும்தான் கடினமான வேலைகள். தீயணைப்புத் துறையினரின் வேலை முடிந்தது என்று நினைத்துக் கிரேன் ஓட்டுநரை அழைக்கும் அந்தக் கணத்தில்தான் இரண்டாவது விபத்து காத்திருக்கிறது என்பது என் கருத்து.

அப்படியானால் எரியட்டும் என்று விட்டுவிடலாமா? இந்தக் கேள்வியைக் கேட்டால் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. தீயை அணைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது கையாலாகாத்தனம் போலத் தோன்றுகிறது. ஆனால் 1986ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே ஷ்வைட்சர்ஹாலேயில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். சான்டோஸ் நிறுவனத்தின் வேளாண் ரசாயனக் கிடங்கு எரிந்தது. உள்ளே ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட பொருட்கள். தீயணைப்புப் படையினர் கடமையைச் சரியாகவே செய்தார்கள்: ஏராளமான தண்ணீரை அடித்துச் சில மணி நேரத்தில் தீயை அடக்கினார்கள். அந்தத் தண்ணீரைத் தேக்கிவைக்க அங்கே இடம் இல்லை. பல டன் பூச்சிக்கொல்லிகளைச் சுமந்துகொண்டு அது ரைன் ஆற்றில் கலந்தது. சாயத்தால் ஆறு சிவந்தது. கீழ்நோக்கி நெடுந்தூரத்துக்கு விலாங்கு மீன்கள் பெருமளவில் செத்து மிதந்தன. ஆற்றங்கரை ஊர்கள் குடிநீர் எடுப்பதை நிறுத்த வேண்டிவந்தது. அந்த விபத்துக்குப் பிறகுதான், ரசாயனக் கிடங்கு கட்டுபவர்கள் அணைப்பு நீரைத் தேக்கும் தொட்டியையும் சேர்த்துக் கட்டுவது பரவலான நடைமுறையாக வலுப்பெற்றது.

அந்தத் தீ தொடங்கிய விதமும் கவனிக்கத்தக்கது. பெர்லின் நீலம் என்ற சாயப்பொருள் மூட்டைகளைப் பிளாஸ்டிக் உறையால் சுற்றி, உறையைச் சூட்டால் சுருக்கியபோது, அந்தத் தூள் சுடரோ புகையோ காட்டாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்திருக்க வேண்டும் என்பதே விசாரணையில் மிகவும் பொருத்தமான காரணமாகக் கருதப்பட்டது. திடப்பொருளின் தனிக்குணம் இதுதான். வாயு பற்றினால் உடனே தெரியும்; மூட்டைக்குள் கனலும் தூள் பல மணி நேரம் எதையும் காட்டாது.

ஆக, எரிய விடுவது சில இடங்களில் சரியான முடிவு. பொருள் முழுவதுமாக எரிந்தால் உண்டாகும் புகை, எரியாத பொருளைவிடக் குறைந்த நஞ்சா, காற்று மக்கள் இல்லாத பக்கம் வீசுகிறதா, தேங்கும் தண்ணீரை மடக்கிவைக்க மண்ணணை போட முடியுமா, பக்கத்தில் எரிந்தால் நிலைமை மோசமாகும் வேறு பொருள் இருக்கிறதா என்ற கேள்விகளுக்கான பதில்தான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும். கடைசிக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்கு, சீனாவின் தியான்ஜின் துறைமுகத்தில் 2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று நடந்ததைச் சொன்னால் போதும். ஈரப்படுத்தி வைத்திருக்க வேண்டிய நைட்ரோசெல்லுலோஸ் காய்ந்து, வெப்பத்தில் தானாகத் தீப்பற்றியது. அந்தத் தீ அருகிலிருந்த அம்மோனியம் நைட்ரேட்டை எட்டியதும் அது வெடித்தது. கொடிய நஞ்சான சோடியம் சயனைடும் அதே கிடங்கு வளாகத்தில் இருந்தது. 165 பேர் உயிரிழந்தனர், 8 பேரைக் காணவில்லை. இறந்தவர்களில் 99 பேர் தீயணைப்பு வீரர்கள்.

தண்ணீரே எதிரியாகும் வகைக்கு வருவோம். தானியக் கிடங்குகளில் பூச்சிகளைக் கொல்லப் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகள் யு.என். எண் 1397இன் கீழ் வருகின்றன. முதல் ஆபத்து, தண்ணீர் பட்டால் எரிவாயு. துணை ஆபத்து, நஞ்சு. ஈ.ஆர்.ஜி. கையேட்டில் இதற்கு 134 அல்ல, 139ஆம் பக்கம். காற்றின் ஈரத்திலேயே மெல்ல மெல்ல பாஸ்பீன் என்ற வாயுவை விடுவதுதான் இந்த மாத்திரையின் வேலை. 3 கிராம் எடையுள்ள மாத்திரை ஒன்று முழுமையாக வினைபுரிந்தால் 1 கிராம் பாஸ்பீன் தருகிறது. சாதாரண வெப்பநிலையில் அது ஏறத்தாழ முக்கால் லிட்டர் வாயு. நீளம், அகலம், உயரம் எல்லாம் 3 மீட்டர் கொண்ட மூடிய அறையில் இரண்டே மாத்திரைகள் முழுமையாகக் கரைந்தால், காற்றில் பாஸ்பீனின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கைத் தாண்டிவிடும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று வரையறுக்கப்பட்ட அளவு அதுதான். டிரம்மே கவிழ்ந்து கிடக்கும் இடத்தில் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் அமரில்லோ நகரில் 2017ஆம் ஆண்டு ஜனவரியில், வீட்டுக்கு அடியில் போடப்பட்டிருந்த இத்தகைய பூச்சிக்கொல்லியின் நெடியைப் போக்க வேண்டும் என்று நினைத்து அதன்மேல் தண்ணீர் அடித்ததில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு குழந்தைகள் இறந்துபோனார்கள். அழுக்கு என்றால் தண்ணீர் ஊற்றிக் கழுவு என்பது யாருக்கும் கைவந்த பழக்கம். இந்தப் பொருளின் முன் அந்தப் பழக்கமே கொல்கிறது. மணத்தை நம்பியும் பயனில்லை. பாஸ்பீனில் பூண்டின் வாடையோ அழுகிய மீனின் வாடையோ வருவது பெரும்பாலும் அதில் கலந்திருக்கும் மாசுகளால்தான், வாடை இல்லை என்பதால் வாயு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. உலர்ந்த மணல், உலர் தூள், காற்றோட்டம், தூரம் ஆகியவைதான் இங்கே கருவிகள். குவியலாகக் கிடக்கும் மாத்திரைகளின்மேல் தண்ணீர் பட்டால் வாயு பெருகுவதோடு, அந்த வாயுவே தீப்பற்றவும் கூடும்.

தீ எதுவும் இல்லாமல் பொருள் கொட்டிக் கிடக்கும் நிலைமைதான் நடைமுறையில் அதிகம், அதிலும் கவனமே முக்கியம். கைபேசி, வண்டி எஞ்சின், டார்ச் உட்படத் தீப்பொறி தரக்கூடிய எதுவும் அந்த வளையத்துக்குள் வரக் கூடாது. துடைப்பத்தால் வீசிப் பெருக்கினால் தூள் எழும். சாதாரண வாக்யூம் கருவியின் மோட்டாரில் தீப்பொறி பறக்கும். தீப்பொறி தராத உலோகத்தாலான சுத்தமான மண்வாரியால், மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிப் பிளாஸ்டிக் கொள்கலனில் போட வேண்டும். இங்கே ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது, பலர் படித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள்: மூடியை இறுக்கக் கூடாது, தளர்வாகத்தான் மூட வேண்டும். நஞ்சை அள்ளியவருக்குக் கை தானாகவே மூடியை இறுக்கத்தான் போகும். ஆனால் தரையிலிருந்து அள்ளிய பொருளோடு ஈரமும் அழுக்கும் துருவும் சேர்ந்திருக்கும். உள்ளே வினை தொடங்கிச் சூடும் வாயுவும் எழுந்தால், இறுக மூடிய டிரம் குண்டாகிவிடும். சாக்கடைகளையும் நிலத்தடி அறைகளையும் பள்ளமான இடங்களையும் முன்கூட்டியே அடைத்துவிட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பாதிக்கப்பட்டவர்களுக்கான முதலுதவியில், உதவுபவரே அடுத்த நோயாளி ஆகாமல் இருப்பதுதான் முதல் விதி. நஞ்சை விழுங்கியவருக்கோ சுவாசித்தவருக்கோ வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கக் கூடாது. அதற்கென்றே உள்ள முகமூடியும் பையும் வேண்டும். பொருள் பட்ட உடையையும் செருப்பையும் கழற்றித் தனியே வைத்துவிட்டு, கண்ணையும் தோலையும் ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடங்கள் கழுவ வேண்டும். உலர்ந்த தூள் என்றால் கழுவுவதற்கு முன், தேய்க்காமல் உதிர்த்துவிடுவது நல்லது. அவசரத்தில் தேய்த்தால், படாத இடத்துக்கும் அது பரவும். பாஸ்பைடு போன்ற பொருள் உடையில் இருக்கும் நிலையில் ஒருவரை மூடிய ஆம்புலன்சுக்குள் ஏற்றினால், ஓட்டுநரும் செவிலியரும் அதே வாயுவைச் சுவாசிப்பார்கள். மருத்துவமனையின் அவசரப் பிரிவு வரை அது தொடரும். பாஸ்பீனுக்கு முறிவு மருந்து கிடையாது என்பதால், வரப்போவது என்ன பொருள் என்பதை மருத்துவமனைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுவது, ஆம்புலன்ஸ் வேகமாகப் போவதைவிட முக்கியம்.

வெள்ளை பாஸ்பரஸ் தோலில் ஒட்டியிருந்தால் விதி வேறு. காயத்தைத் தண்ணீரில் மூழ்க வைக்க வேண்டும், அல்லது ஈரத் துணியால் மூடி, அந்தத் துணி காயாமல் மருத்துவரிடம் போய்ச் சேரும் வரை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். துணி காய்ந்தால் தோலிலேயே மறுபடி தீப்பற்றும். எண்ணெயோ களிம்போ தடவவே கூடாது, பாஸ்பரஸ் கொழுப்பில் கரைந்து உடலுக்குள் இறங்கிவிடும். முன்பு மயில்துத்த (காப்பர் சல்பேட்) கரைசலால் கழுவும் வழக்கம் இருந்தது. துகள்களைக் கறுப்பாக்கிக் கண்ணுக்குக் காட்டும் என்பதே காரணம். தாமிரமே உடலில் ஏறி ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால் அது இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. பழைய கையேடுகளில் இன்னும் அந்த வரி இருக்கிறது. அத்தகைய கையேடு உங்கள் நிலையத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தை அடித்துவிடுங்கள்.

வேலை முடிந்து வெளியே வருபவர்களைக் கழுவும் இடத்தைத் தொடக்கத்திலேயே, முதல் ஆள் உள்ளே போவதற்கு முன்பே அமைத்துவிட வேண்டும். சுவாசக் கருவியின் முகமூடியைக் கடைசியாகத்தான் கழற்ற வேண்டும். வெப்பமும் களைப்பும் தாங்காமல் முதலில் அதைத்தான் கழற்றத் தோன்றும். தண்ணீரோடு வினைபுரியும் பொருள் என்றால், கழுவும் நீர் போதிய அளவு ஏராளமாக இருக்க வேண்டும், திறந்த வெளியில் நடக்க வேண்டும், அதற்கு முன் உலர்ந்த தூளை உதிர்த்துவிட வேண்டும். பாஸ்பரஸ் தீயில் பயன்பட்ட குழாய்களையும் கையுறைகளையும் பூட்ஸ்களையும் ஈரமாகவே தனியே கட்டிவைக்க வேண்டும்; நிலையத்துக்குக் கொண்டுவந்து வெயிலில் காயப்போட்டால், மடிப்பில் ஒட்டியிருக்கும் துகள் அங்கே எரியத் தொடங்கும். உள்ளே போனவர்கள் யார், எவ்வளவு நேரம் இருந்தார்கள், எந்தப் பொருளின் அருகில் நின்றார்கள் என்ற பட்டியலை அன்றே எழுதி, ஒரு பிரதியை மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். அறிகுறிகள் மறுநாளோ அதற்கு மறுநாளோ வரக்கூடிய பொருள் என்றால், அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் இரண்டு நாட்கள் வரை தனியாக இருக்க விடாமல், வீட்டில் உள்ளவர்களிடமும் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லியனுப்ப வேண்டும்.